இரண்டு சீட் கார் – 14: பத்தாம் நம்பர் சப்பாத்து

போன வாரம் குலசிங்கத்தார் பாதிப் பிட்டோடு மேசையை விட்டெழுந்து கராஜுக்குள் போனதோடு நிறுத்தியிருந்தோம். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டு எழுதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மனிதர் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து மிச்சப் பிட்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார். கோபம் வேறு, பசி வேறு.

ஆனால் மகன் ரஜிதன் சொன்னது சொன்னதுதான். இன்னும் பதினைந்து நாளில், விற்றுவிட்ட கிளென் ஈடன் வீட்டைப் பூட்டித் திறப்பைப் புது ஆட்களிடம் கொடுக்க வேண்டும். வெஸ்ட்கேட்டில் அவர்கள் போகப்போகும் டவுன்ஹவுஸில் கராஜ் கிடையாது. வாசலில் இரண்டு வாகனம் விடலாம், அவ்வளவுதான். பதிவில்லாத வாகனத்தை அங்கே நிறுத்தக் கூடாது என்று குடியிருப்பு விதியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே பதினொரு வருஷமாகக் குலசிங்கம் கராஜில் பூட்டியும் கழற்றியும் செய்த கார் இந்தச் சனிக்கிழமை, பதிவு தருவதற்கு முன் சோதிக்கும் பரிசோதகரிடம் தேறியாக வேண்டும். தவறினால் அடுத்த தவணை ஆறு வாரம் கழித்துத்தான் கிடைக்கும். அதுவரை வைத்திருக்க இடமில்லை. ஹமில்டனில் ரஜிதன் பேசி வைத்திருக்கும் ஆள் ஞாயிறு காலை லொறியோடு வந்து, துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது.

ஏழரை மணிக்கு ரஜிதன் வாடகை ட்ரெய்லரைப் பின்பக்கமாகக் கராஜ் வாசலுக்கு விட்டான். இருபத்தெட்டு வயது, ஆறடி உயரம், இந்த ஊரிலேயே பிறந்தவன், வெலிங்டனில் வேலை. தமிழ் நன்றாக விளங்கும். வாயில் வருவது முக்கால்வாசி இங்கிலீஷ்.

தாய் புஷ்பவதி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தாள். கணவர் ஒரு பெரிய துணியை உதறிக் காரின்மேல் விரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அது என்ர நல்ல பெட்ஷீட்."

"தூசி படும், புஷ்பம்."

"றோட்டில ஓடத்தானே செய்தனீங்கள்? றோட்டில தூசி இருக்குந்தானே?"

அவர் துணியின் நான்கு மூலையையும் கட்டினார். கல்யாண வீட்டில் பெண்ணை வெளியே கூட்டிக்கொண்டு வருவது போல அவ்வளவு கவனம்.

அதைக் கார் என்று ஒத்துக்கொள்ளவே புஷ்பவதிக்குச் சில வருஷம் பிடித்தது. கதவில்லை, கூரையில்லை. முன்னுக்கு நீளமான மூக்கு, பின்னுக்கு இரண்டே இரண்டு சீட். இரும்புக் குழாய்களால் ஒரு கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்த கார். உதிரிப்பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டிலேயே பூட்ட வேண்டும். என்ஜின் மட்டும் ஏதோ ஒரு பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றியது. குலசிங்கம் மெக்கானிக்கும் இல்லை. பால்மாத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருபத்தேழு வருஷம் பாலில் கொழுப்பு அளந்துவிட்டு, போன மாசியில் ஓய்வு பெற்றவர். கார் செய்யப் படித்தது புத்தகத்தைப் பார்த்து, வீடியோவைப் பார்த்து, பிழைவிட்டுத் திரும்பத் திரும்பக் கழற்றி.

கராஜில் இருந்த பிறீஸர் இந்தக் காரால்தான் வரவேற்பறைக்கு வந்தது. மழை நாளில் உடுப்புக் காயப்போடும் கொடியும் போயிற்று. "வீட்டுக்குள்ளயே ஒரு சக்களத்தியை வச்சிருக்கிறார்" என்று தோழி ஆனந்தவல்லியிடம் அவள் சொல்லாத கிழமை இல்லை.

அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்றும் உண்டு. பெட்டிகள் வந்து இறங்கிய நாளில், அப்போது பதினேழு வயதான ரஜிதனின் தோளில் கைபோட்டுக்கொண்டு குலசிங்கம் சொன்னார்: "ரெண்டு சீட். ஒண்டு எனக்கு, மற்றது தம்பிக்கு." அவர் சும்மா சந்தோஷத்தில் சொன்னதுதான். அவள் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள். அன்றைக்கு ஏனோ பாத்திரங்கள் அதிகம் சத்தம் போட்டன.

ரஜிதன் இரண்டு வருஷம் தகப்பனோடு சேர்ந்து வேலை செய்தான். பிறகு படிப்பு, பிறகு வேலை என்று வெலிங்டனோடு போய்விட்டான். டோர்ச் பிடிக்கவும், கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டுமே. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கார் தொலையட்டும் என்று பதினொரு வருஷம் சொன்னவளுக்கு, அது நாளைக்குத் துண்டு துண்டாகப் போய்விடக்கூடும் என்றதும் வேறொரு யோசனை வந்தது. கார் போனால் இந்த மனிதர் காலையில் எழும்பி எங்கே போவார்? வெஸ்ட்கேட்டில் அந்தச் சின்ன வாசலில் நின்று எதைப் பார்ப்பார்? அவளுக்குப் பயமாக இருந்தது.

*

மனுகாவ் போகிற மோட்டார்வேயில் ரஜிதன் ஓட்டினான். குலசிங்கம் பக்கத்தில். புஷ்பவதி பின் சீட்டில் இருந்தபடி, கண்ணாடி வழியாக ட்ரெய்லரில் ஆடி ஆடி வருகிற பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்தப் பாதை முன்பு இப்படி இருக்கவில்லை. அவர்கள் வந்த புதிதில், தொண்ணூற்றெட்டில், தெற்கே போவதென்றால் ஊருக்குள்ளால் சந்தி சந்தியாக நின்று நின்றுதான் போக வேண்டும். அப்போது அவர்களிடம் ஒரு வெள்ளை ஹட்ச்பேக் இருந்தது. கியர் போடும்போது கையை இரண்டு தரம் ஆட்ட வேண்டும். அதை ஓட்டியவள் புஷ்பவதி.

ஆமாம், அவள்தான். குலசிங்கம் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டார். அவள் முதல் தரத்திலேயே எடுத்தாள். விடியப்புறம் அவரைத் தொழிற்சாலை வாசலில் இறக்கி, கைக்குழந்தை ரஜிதனை ஒரு சிநேகிதி வீட்டில் விட்டு, முதியோர் இல்லத்தில் காலை வேலைக்கு ஏழு மணிக்கு நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவள்தான். குலசிங்கம் மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இதில இடது, புஷ்பம், இல்லையில்லை, வலது" என்பார். வழி தவறிப் போய், பெயர் தெரியாத ஏதோ ஒரு குடாவில் நின்று, கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஹீட்டர் இல்லாத அந்தக் காரை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் ஒரு போர்வைக்குள் இருந்தார்கள். அப்போதிருந்த சந்தோஷம் அப்போது தெரியவில்லை.

"என்னம்மா, ஆர் யூ ஓகே?" கண்ணாடியில் பார்த்து ரஜிதன் கேட்டான்.

"ஓம், ஓம். நீ றோட்டைப் பார்."

*

பரிசோதகரின் இடம் ஒரு பெரிய சீமெந்து முற்றம். மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் தகரக் கொட்டகை. அங்கே இருந்த பரிசோதகர் நரேந்திரன். மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டம். சனிக்கிழமை என்றபடியால் வேறு வேலையாட்கள் இல்லை.

தமிழ் ஆள் என்று தெரிந்ததும் குலசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "எங்கட ஆள். கொஞ்சம் தாட்சண்யம் பார்ப்பான்" என்று மனைவியின் காதுக்குள் சொன்னார்.

நரேந்திரன் தாட்சண்யம் கொஞ்சமும் பார்க்கவில்லை. வணக்கம் சொல்லி முடித்ததும் கீழே படுத்து, டோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் பிடித்து, ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுப் பார்த்தார்.

"வெல்டிங் யாரு செஞ்சது, அங்கிள்?"

"அதை மட்டும் வெளியில குடுத்தனான். மிச்சம் எல்லாம் நான்தான்."

"பிரேக் லைன்?"

"நான்."

"நல்லா செஞ்சிருக்கீங்க லா. ரொம்ப நீட்."

இரண்டு மணி நேரம் போயிற்று. தாளில் வரிசையாகச் சரி விழுந்தது. குலசிங்கத்துக்கு நிலத்தில் கால் படவில்லை. ரஜிதன்கூடக் கைபேசியை எடுத்துத் தகப்பனைப் படம் பிடித்தான்.

"சரி அங்கிள், ஏறி உட்காருங்க. உட்கார்ற அளவைப் பார்த்துட்டு, பிரேக் டெஸ்ட் போயிடலாம்."

குலசிங்கம் காருக்குப் பக்கத்தில் குனிந்து, சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஒழுங்காக வைத்தார்.

நரேந்திரன் விளங்காமல் பார்த்தார். "ஏன் அங்கிள் கழட்டுறீங்க?"

"இதுக்குள்ள நான் சப்பாத்தோட ஏறுறேல்ல."

உண்மைதான். முதல் நாள் சாசி என்கிற அந்த இரும்புக் கூட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி வேலை தொடங்கியதிலிருந்து அந்தக் கார் அவருக்கு வீட்டின் ஒரு அறை. வீட்டுக்குள் யார் சப்பாத்தோடு போவார்கள்? பதினொரு வருஷமும் அவர் ஏறியது வெறுங்காலோடுதான்.

"ரோட்டுல வெறுங்காலோடயா ஓட்டுவீங்க? போட்டுட்டு உட்காருங்க, அங்கிள்."

குலசிங்கம் திரும்பவும் போட்டார். பத்தாம் நம்பர் சப்பாத்து. காலை மடக்கி உள்ளே விட்டபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதித்தார். சப்பாத்தின் ஓரம் பட்டு ஆக்சிலரேட்டரும் சேர்ந்து இறங்கியது. மெல்ல எடுத்துத் திரும்பவும் மிதித்தார். திரும்பவும் இரண்டும் இறங்கின.

மூன்றாம் தரம் அவர் முகத்தைப் புஷ்பவதியால் பார்க்க முடியவில்லை.

"அங்கிள், நிறுத்துங்க." நரேந்திரனின் குரல் தணிந்தது. "பெடல் இடைவெளி அளவுக்குள்ளதான் இருக்கு. காரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பிரேக்கை மட்டும் தனியா மிதிக்கக்கூடிய ஒரு ஆள் ஓட்டி நிப்பாட்டிக் காட்டணும். அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

"நீங்களே ஓடிப் பாக்கலாமே?"

நரேந்திரன் தன் காலைக் காட்டினார். அது குலசிங்கத்தின் காலைவிட ஒரு விரல் நீளம். குலசிங்கம் இறங்க, ரஜிதன் ஏறப் பார்த்தான். முழங்காலுக்கு மேல் உள்ளே போகவில்லை.

"பெடல் பெட்டியை வெட்டி மாத்தினாப் போச்சு" என்றார் நரேந்திரன். "ஆனா அடுத்த தவணை ஆறு வாரம்..."

"அப்பா, இட்ஸ் ஓகே" என்றான் ரஜிதன். "வி ட்ரைட்."

குலசிங்கம் காரைச் சுற்றி வந்தார். தரையில் கிடந்த பெட்ஷீட்டை எடுத்தார். காலையில் போர்த்த அதே கவனத்தோடு காரின் மூக்கிலிருந்து போர்க்கத் தொடங்கினார். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் மூன்று நிமிஷத்தில் கிழவராகிவிட்டதைப் புஷ்பவதி கண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கூடவே ஒரு கோபமும் வந்தது.

"தம்பி நரேந்திரன், நான் ஒருக்கா இருந்து பாக்கலாமோ?"

மூன்று ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சப்பாத்தோடதான்" என்றாள்.

காலைத் தூக்கி உள்ளே வைத்து அமர்ந்தாள். முதுகு சீட்டில் படிந்தது. இடது கால் கிளட்சில், வலது கால் பிரேக்கில், தேடாமலே போய் நின்றது. மிதித்தாள். பிரேக் மட்டும் இறங்கியது. நரேந்திரன் குனிந்து, முழங்கால், ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றுக்கும் அளவுநாடா பிடித்தார். பிறகு நிமிர்ந்து குலசிங்கத்தைப் பார்த்தார்.

"அங்கிள், இது ஆண்ட்டிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. நீங்க யாருக்குச் செஞ்சீங்க?"

குலசிங்கம் கையிலிருந்த பெட்ஷீட்டைக் கீழே வைத்தார். பதில் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குக் கீழே சில்லடியில் படுத்து நட்டைத் திறந்து மூட, மற்றவர் சீட்டில் இருந்து மிதிக்க வேண்டும். எத்தனை ஞாயிறு பின்னேரம் அப்படிப் போயிருக்கும்.

"அமத்தும்."

"அமத்திட்டன்."

"பிடியும்."

"பிடிச்சிருக்கிறன்."

"விடும்."

நாலு சில்லுக்கும் இதே கதைதான். நடுவில் கேட்பார்: "வடிவா எட்டுதோ?" அவள் சொல்வாள்: "நுனிக்கால்தான் படுது." அடுத்த கிழமை பெடல் கொஞ்சம் கிட்ட வந்திருக்கும். "முழங்கால் இடிக்குதோ?" "இல்லை." இல்லையென்றால் சரி, ஸ்டியரிங்கை அந்த இடத்திலேயே இறுக்கிவிடுவார். சில்லடியில் படுத்திருந்தவருக்குத் தன் உயரம் மறந்தே போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வேறொன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. ஆனாலும் அவை நல்ல ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஆண்ட்டிக்கு கார் ஓட்டத் தெரியுமா?" நரேந்திரன் கேட்டார். "இது தனியார் இடம், லைசென்ஸ் கேக்க மாட்டேன். கியர் மட்டும் தெரியணும்."

"அவ ஓடுறதை விட்டு ஒம்பது வருசம்" என்றார் குலசிங்கம்.

"விட்டனான்" என்றாள் புஷ்பவதி. "மறக்கேல்ல."

ஏன் விட்டாள் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயில் எடுப்பதில்லை. மூன்றாம் தரத்தில் லைசென்ஸ் எடுத்த பிறகு குலசிங்கம் பெரிய சாரதியாகிவிட்டார். அவள் ஓட்டும்போது பக்கத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து, "பிரேக், பிரேக், புஷ்பம் பிரேக்" என்று ஓதத் தொடங்கினார். கேட்டுக் கேட்டுப் பொறுத்தவள், ஒரு நாள் ரவுண்ட்எபவுட்டுக்குக் கிட்ட காரை ஓரங்கட்டி, ஹாண்ட்பிரேக்கை இழுத்து, இறங்கி, ஹாண்ட்பாக்கை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இன்றைக்குத் தொட்டாள்.

முதல் தரம் என்ஜின் இருமி நின்றது. இரண்டாம் தரம் பிடித்தது. நரேந்திரன் மடியில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நெருக்கி இருந்தார். கொட்டகையிலிருந்து மதில்வரை ஓட வேண்டும், கூம்பு வைத்த இடத்தில் இறுக்கி மிதிக்க வேண்டும். மூன்று தரம். மூன்று தரமும் கார் இடமோ வலமோ இழுக்காமல், சொன்ன இடத்தில் நின்றது. காற்றில் கலைந்த தலைமயிரைக் காதுக்குப் பின்னால் தள்ளியபோது அவள் வயது ஐம்பத்தாறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நரேந்திரன் இறங்கி, தாளைக் காரின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "தேறிடுச்சு. இதைக் கொண்டுபோய்ப் பதிஞ்சா அடுத்த வாரம் நம்பர் பிளேட் வந்துரும். அங்கிள், ஒரு ரவுண்டு வர்றீங்களா?"

குலசிங்கம் இடப்பக்கச் சீட்டில் இறங்கினார். முழங்கால் இரண்டையும் நெஞ்சுவரை மடக்க வேண்டியிருந்தது. புஷ்பவதி கியரைப் போட்டாள். மதில் கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. வேண்டுமென்றே அவள் காலை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் மிதித்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்தபடி இருந்தார். உதடு மட்டும் உள்ளே மடிந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷத்துக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது ரஜிதன் கைபேசியோடு நின்றான். "ஹமில்டன் ஆள் கேக்கிறார். நாளைக்கு ஒம்பது மணிக்கு வரவாம். வாட் டு ஐ ஸே?"

குலசிங்கம் சீட்டை விட்டு இறங்கவில்லை. "வரச் சொல்லு, தம்பி" என்றார். "தேறிட்டுது, அதுவே போதும் எனக்கு. ஓட ஆளில்லாத காரை வாசலில வச்சு என்ன செய்யிறது? என்ர காலும் போகாது, உன்ர காலும் போகாது. அம்மான்ர லைசென்ஸும் முடிஞ்சு ஆறு வருசம்."

"ஷீ ஹாஸ் டு ஸ்டார்ட் அகெய்ன்" என்றான் ரஜிதன், தாயைப் பார்க்காமல். "தியரி, பிராக்டிகல், எல்லாம்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பவதி அதை நிறுத்தவில்லை. இந்தக் காரை என்ன செய்வதென்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"அந்த ஆளை வர வேண்டாமெண்டு சொல்லு" என்றாள்.

"அம்மா..."

"சொல்லு. திங்கக்கிழமை நீ போக முன்னம் என்னை லைசென்ஸ் எடுக்கிற இடத்தில ஒருக்கா இறக்கிவிடு. இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னம் முதல் தரத்திலயே எடுத்தனான். இப்ப என்ன, காலா இல்லை எனக்கு?"

ரஜிதன் கைபேசியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், மெல்லச் சிரித்தான். "ஆனா அம்மா, எல் போர்ட் போட்டு ஓடேக்க ஃபுல் லைசென்ஸ் இருக்கிற ஆள் ஒராள் பக்கத்தில இருக்க வேணும். எவ்ரி டைம். இதில ஒரே ஒரு சீட்தான் மிச்சம்."

நரேந்திரன் கூம்புகளை அடுக்கப் போனார்.

"நான் இருக்கிறன்" என்றார் குலசிங்கம்.

"வாயைத் திறக்காமலோ?" புஷ்பவதி கேட்டாள்.

அவர் தூரத்து மதிலைப் பார்த்தார். சற்று முன் அந்த மதில் வந்த வேகத்தை நினைத்தார் போலிருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் மனைவியிடம் அவர் இவ்வளவு நேரம் யோசித்துப் பேசியது இதுதான் முதல் தரம்.

"முயற்சி செய்யிறன், புஷ்பம்" என்றார்.